நான் வைத்த பஞ்சு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் இட்லிப் பானை வைக்கக்கூட இடமில்லை. செய்தித்தாளை விரித்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஈயம் உறிஞ்சும் கருவியைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தேன். ஒரு பக்கம் கைப்பிடி, ஒரு பக்கம் கண்ணாடிக் குழாய், நடுவில் டிபன் டப்பா அளவுக்கு அதன் பம்ப்.

வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"பூசைக்கு ரெண்டாம் மணியே அடிச்சாச்சு. இன்னும் என்னாத்தத் துருவிக்கிட்டு இருக்கற?"

"நீங்க போங்க. நான் சாயந்திரப் பூசைக்குப் போய்க்கறேன்."

"ஆண்டவர்கிட்டயும் ஷிஃப்ட் மாத்திக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு பம்பின் நாலு திருகுகளையும் கழற்றினேன். மூடியைத் தூக்கியதும் மக்கிப்போன சாம்பிராணி மாதிரி ஒரு வாடை. உள்ளே நகத்தளவில் இரண்டு ரப்பர் வால்வுகள் உண்டு. காற்றை உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதும் அவைதான். இடுக்கியால் ஒன்றைத் தூக்கினேன். வரவில்லை. பலமாகத் தூக்கினேன். பழுப்பு நிறத்தில், வெல்லப்பாகு மாதிரி நூல் விட்டுக்கொண்டு வந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் மேசையில் மதியம் ஷிஃப்ட் பார்க்கும் கெம்பா கையில் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளுக்கு விசாரணை.

பிரிக்கிறவர்கள்

போன வாரம் இந்தத் தொடரில், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நடந்த சண்டைகளை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, 'உங்களைப் போன்ற உழைக்கும் பெண்களின் கைகளை வணங்குகிறேன்' என்று எழுதியிருந்தார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரத்தையும் படித்துவிட்டு, வணங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் மின்னணு போர்டு செய்யும் கம்பெனி அது. பெயர் வேண்டாம். வாஷிங் மெஷினுக்குள், வண்டி மீட்டருக்குள் பச்சை அட்டை ஒன்று இருக்குமே, அதுதான் போர்டு. எங்கள் மேசைக்கு ரீவொர்க் என்று பெயர். மற்றவர்கள் ஒட்டுவார்கள், நாங்கள் பிரிப்போம். ஒரு பாகம் தப்பாக உட்கார்ந்துவிட்டால், அதன் கால்களைப் பிடித்திருக்கும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து, பாகத்தைக் கழற்றி, சரியானதை வைக்க வேண்டும்.

அதற்கான கருவியை எல்லோரும் 'கன்' என்போம். பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். அதன் மூக்கு சூடாக இருக்கும், மூக்கில் ஓட்டை. ஈயத்தின்மேல் வைத்து, உருகினதும் விசையை அழுத்தினால் பம்ப் ஓடி ஈயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈயம் கண்ணாடிக் குழாயில் தங்கிவிடும். கூட வரும் பிசின் புகையை, பின்னாலிருக்கும் கெட்டியான வட்ட ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். வெறும் காற்று மட்டும் பம்புக்குப் போகும்.

முழுசாக இழுக்காவிட்டால்தான் வில்லங்கம். கால் விடுபட்ட மாதிரி தெரியும், விடுபட்டிருக்காது. தூக்கினால் காலோடு சேர்ந்து போர்டிலிருக்கும் செம்பு வட்டமும் உரிந்து வந்துவிடும். 'பேடு தூக்கிருச்சு' என்பார்கள். அதன் பிறகு அந்த போர்டு குப்பைக்குத்தான்.

கெம்பா என்கிற கெம்பம்மாவுக்கு ஊர் ஜவளகிரிப் பக்கம். ராகிக் காட்டுக்குக் கூலிக்குப் போகிற குடும்பம். வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். திட்டுவதற்கு மட்டும் மூன்றும் சேர்ந்து வரும். என்னைவிட எட்டு வயது சின்னவள். காலை ஷிஃப்ட் எனக்கு, மதியம் ஷிஃப்ட் அவளுக்கு. ஒரே நாற்காலி, ஒரே கன். நான் எழுந்த சூடு ஆறுவதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது கால் உள்ள பாகத்தை முருங்கைக்கீரை உருவுகிற மாதிரி உருவி எடுத்துவிடுவாள். இரண்டு வருஷத்தில் அவள் ஒரு பேடு தூக்கி நான் பார்த்ததில்லை. அந்தத் திமிரும் அவளுக்கு உண்டு.

"அக்கா, நீ ஒரு காலுக்கு ரெண்டு தடவ சூடு வெக்கற. போர்டுக்கு வலிக்காதா?" என்று என்னையே கிண்டல் செய்வாள்.

கைசன் மகாராணி

கம்பெனியில் 'கைசன்' என்று ஒரு வழக்கம். ஜப்பான்காரர்களின் சொல். வேலையில் சின்னதாக ஏதாவது முன்னேற்றம் கண்டுபிடித்து, 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் ஒட்டி, தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதம் ஒன்று கட்டாயம். முன்னேற்றம் இருக்கிறதோ இல்லையோ, தாள் வந்தாக வேண்டும். ஒருத்தி தண்ணீர் பாட்டிலில் தன் பெயரை எழுதி ஒட்டியதையே கைசனாகக் கொடுத்தாள். அதற்கு மூன்றாம் பரிசு.

கொரோனா ஓய்ந்து, கம்பெனி மறுபடி முழு மூச்சில் ஓடத் தொடங்கிய நேரம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஃபில்டர் வரவில்லை. கறுத்துப்போன ஃபில்டரையே தட்டித் தட்டித் திருப்பிப் போட்டு ஓட்டினோம். ஒருநாள் பொறுக்க முடியாமல், வீட்டிலிருந்த மருந்துக்கடைப் பஞ்சைக் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஃபில்டர் அளவுக்கு வட்டமாக அமுக்கி, கன்னுக்குள் வைத்தேன்.

கன் புதுசு மாதிரி இழுத்தது. இழுக்காமல் என்ன செய்யும்? கெட்டி ஃபில்டர் காற்றைக் கொஞ்சம் தடுக்கும், பஞ்சு தடுக்காது. காற்றைத் தடுக்காதது புகையையும் தடுக்காது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

சூப்பர்வைசர் பிரகாஷுக்குத் தலைகால் புரியவில்லை. "ஸ்டெல்லாக்கா, இத அப்படியே கைசன்ல போடுங்க. இங்கிலீசு நான் எழுதிக்கறேன்" என்றார். எழுதினார். முதல் பரிசு கிடைத்தது. கேன்டீன் சுவரில், நான் பஞ்சுருண்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படத்தை மாட்டினார்கள். எல்லா மேசைக்கும் பஞ்சு வந்தது. போர்டு வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வைக்கு வந்தபோது அவர்களுக்கும் காட்டினார்கள்.

கூட இருந்தவர்கள் 'கைசன் மகாராணி' என்று கேலி செய்தார்கள். வெளியே கோபப்பட்டேன், உள்ளே இனித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் படத்தைப் பார்ப்பதற்காகவே கை கழுவ அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன்.

பரிசோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை வேலையும் வந்தது.

"மெயின்டெனன்ஸ்ல ஆளே இல்லக்கா. உங்களுக்குத்தான் கன்னப் பத்தித் தெரியும். வாரத்துக்கு ஒண்ண ஊட்டுக்கு எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் குடுங்க. கேட் பாஸ் நான் போட்டுத் தர்றேன்" என்றார் பிரகாஷ். நான் பெருமையோடு தூக்கிக்கொண்டு வந்தேன். ஏழு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவளுக்கு, கம்பெனிச் சாமானை நம்பி வீட்டுக்குக் கொடுத்ததே பெர்மனென்ட் ஆக்கின மாதிரி இருந்தது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூக்கின் ஓட்டையைச் சூடாக இருக்கும்போதே கம்பி விட்டுக் குத்த வேண்டும். ஆறின பிறகு குத்தினால் கம்பி உள்ளேயே ஒடிந்து நின்றுகொள்ளும். கண்ணாடிக் குழாயைத் தட்டி ஈயத்தைக் கொட்டிவிட்டு, உள்சுவரைச் சுரண்ட வேண்டும். ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கடைசியில் மூக்குக்குப் புது ஈயம் பூசி அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். பம்பைத் திறக்க யாரும் சொல்லவில்லை, நானும் திறக்கவில்லை.

காகிதம் ஒட்டினால் சரி

இரண்டு மாதம் போயிருக்கும். முதன்முதலில் பஞ்சு வைத்த எங்கள் மேசையில், மதியம் ஷிஃப்டில் பேடு தூக்க ஆரம்பித்தது.

"அக்கா, கன் சரியா இழுக்கல. காலைல உனக்கு இழுக்குதா?" என்று ஷிஃப்ட் மாறும்போது கெம்பா கேட்டாள்.

"எனக்கு நல்லாத்தான் இழுக்குது."

"அப்ப என்னாது இது?" என்று தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

கன் சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்க்க ஒரு முறை உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தை மூக்கில் வைத்து விசையை அழுத்த வேண்டும். காகிதம் ஒட்டிக்கொண்டு நின்றால் தாளில் டிக் அடிக்கலாம். மதியமும் காகிதம் ஒட்டத்தான் செய்தது. ஒவ்வொரு நாளும் டிக் விழுந்தது, ஒவ்வொரு நாளும் பேடு தூக்கியது. தூக்கினது கண்ணுக்குத் தெரியாமல் வெளியே போன போர்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் கெம்பாவின் எண் ஒட்டியிருந்தது. கையாளுவதில் அலட்சியம் என்று அவளுக்கு ஓலை கொடுத்தார்கள்.

அவள் விடவில்லை. மூன்று நாள் சண்டை போட்டாள். "என் கை சரியாத்தான் இருக்குது, கன்தான் கெட்டிருக்குது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, எங்கள் மேசைக் கன்னையே கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஞாயிறு விடிந்ததும் ஒரு பழைய போர்டை வைத்து இழுத்துப் பார்த்தேன். நன்றாக இழுத்தது. எனக்கு இழுக்கிற மாதிரியே இழுத்தது. வேலையில் விட்டு விட்டுத்தான் அழுத்துவோம், இங்கே விசையை விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்தில் பம்ப் சூடேறியது. அதன் பிறகு வைத்தால், பாதி ஈயம் வந்தது, பாதி காலிலேயே நின்றது. காகிதத்தை வைத்தேன். ஒட்டியது. காகிதத்தைத் தூக்குகிற பலம் இருந்தது, ஈயத்தைத் தூக்குகிற பலம் இல்லை.

அப்புறம்தான் பம்பைத் திறந்தேன். பஞ்சைத் தாண்டிப் போன புகை வால்வில் பிசினாகப் படிந்திருந்தது. காலையில் ஆறிக் கிடக்கும்போது அது இறுகியிருக்கும், வால்வு அசையும். நான் எட்டு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிக் கொடுத்ததும், பிசின் இளகி வால்வைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் கெம்பா வந்து உட்காருவாள்.

பிசினைத் துடைக்கவில்லை. அப்படியே மூடி, நாலு திருகையும் முடுக்கினேன். எல்லோர் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பூசையிலிருந்து வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நிதானமாக உட்கார்ந்தார்.

"பெர்மனென்ட் ஆக்கற கன்ஃபர்ம் லிஸ்ட் இந்த வாரம் மேல போகுதுன்னு சொன்னியே. அது வரட்டும். அப்புறமா சொல்லு."

"அப்புறம் அவ அங்க இருக்க மாட்டாளே."

"சின்ன வயசுப் புள்ள. எங்கயாவது சேந்துக்குவா. நமக்கு அப்பிடியா?"

அன்று வீட்டில் ஆட்டுக்கறி. நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

மூன்று சொல்

திங்கட்கிழமை காலையில் பிரகாஷைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அந்தக் கைசன் தாள்ல உங்க கையெழுத்து இருக்குது, என் கையெழுத்து இருக்குது, அதுக்கு மேல மேனேஜர் கையெழுத்து. கஸ்டமருக்கே காட்டியாச்சு. இப்பப் போய் பஞ்சு தப்புன்னா எத்தன பேரு மாட்டுவாங்க? லிஸ்ட்ல உங்க பேரு ரெண்டாவதா இருக்குது. நான் ஒண்ணும் சொல்லல. யோசிச்சுக்குங்க."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அறையில் ஏ.சி. போட்டு மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கெம்பா தலைக்குப் போடும் வலைத்தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றிருந்தாள். மேசையில் கன். குவாலிட்டி அதிகாரி ஒரு காகிதத்தைக் கிழித்தார், மூக்கில் வைத்தார், விசையை அழுத்தினார். ஒட்டியது. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"நீங்கதானே கைசன் வின்னர்? கன்னப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவு இங்க யாருக்கும் தெரியாது. இதுல ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

கெம்பா என் பக்கம் திரும்பினாள். அவள் பார்வையில் கெஞ்சல் இல்லை. அப்பாடா, விஷயம் தெரிந்த ஒருத்தியிடம் கேட்டுவிட்டார்கள் என்கிற நிம்மதிதான் இருந்தது. கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் பம்ப் இருந்தது. நாலு திருகைக் கழற்றினால் போதும்.

"கன் ஓகே சார்" என்றேன்.

அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வெளியே வந்த பிறகு, லாக்கர் பக்கத்தில் அவள் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, அவங்க எல்லாம் சொன்னப்ப நான் நம்பல. நீ சொன்னதும் விட்டுட்டேன். நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். அப்ப என் கையிலதான் என்னமோ ஆயிருச்சு."

அவள் கேட்டைத் தாண்டிப் போனாள்.

பெர்மனென்ட்

லிஸ்ட் வந்தது. என்னையும் பெர்மனென்ட் ஆக்கினார்கள். அடுத்த மாதமே ஃபில்டர் வந்து இறங்கியது. எல்லா மேசையிலிருந்தும் பஞ்சைச் சத்தமில்லாமல் எடுத்தார்கள், பம்புகளையும் மாற்றினார்கள். பிரகாஷ் என்னிடம் கண்ஜாடைகூடக் காட்டவில்லை. பஞ்சு போன பிறகும் நான் பஞ்சோடு சிரிக்கிற படம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவரை அங்கேயே இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதருக்கு ஈயம் புரியவில்லை, வால்வு புரியவில்லை, விஷயம் மட்டும் புரிந்துவிட்டது. "அந்தப் பெண்ணிடம் சொன்னாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "முதலில் அவளிடம் சொல்" என்றார். கூடவே பத்து அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். பத்தை அன்றைக்கே சொல்லி முடித்தேன். முதலில் சொன்னதை நாலு வருஷம் தள்ளிப்போட்டேன்.

அந்தப் பெர்மனென்டும் மூன்று வருஷம் நிற்கவில்லை. கெட்ட போர்டைப் பிரித்துச் சரிசெய்வதைவிடத் தூக்கிப் போடுவது லாபம் என்று யாரோ கண்டுபிடித்தார். அதுவும் ஒரு கைசன்தான். ரீவொர்க் மேசையை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரை விற்று அந்த நாற்காலியைப் பிடித்தேனோ, அந்த நாற்காலியே போயிற்று.

இப்போது வீட்டிலேயே ஒரு பழைய கன் வாங்கி வைத்திருக்கிறேன். வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர்கள் போர்டு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஞாயிறுதோறும் பம்பைத் திறந்து வால்வைத் துடைக்கிறேன். தேவையே இல்லாத வாரத்திலும் திறக்கிறேன்.

நாலு வருஷம் கழித்து

சில மாதங்களுக்கு முன் ஓசூர் பஸ் ஸ்டாண்டில், தளி பஸ் நிற்கிற இடத்தில் கெம்பாவைப் பார்த்தேன். வெயிலில் கறுத்து இளைத்திருந்தாள். "அக்கா!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு அழைத்து வந்து டீ போட்டுக் கொடுத்தேன்.

ரோஜாத் தோட்டத்தில், பசுமைக்குடிலில் வேலை செய்கிறாளாம்.

"பூ கட்டி அடுக்கற வேல குடுத்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். என் கைக்கு அதெல்லாம் ஆவாது, நசுக்கிருவேன். மருந்து டேங்க்குத் தூக்கறேன். அதுல கெடறதுக்கு ஒண்ணும் இல்ல பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. மேசைமேல் இருந்த பம்பைத் திறந்தேன். வால்வைக் காட்டி, பஞ்சு, புகை, பிசின், காலை ஷிஃப்ட், மதியம் ஷிஃப்ட், காகிதம், லிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் டம்ளரைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பட்டும் என்றுதான் இருந்தது.

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள். கன்னைச் சூடாக்கி, ஒரு போர்டோடு அவள் முன்னால் தள்ளினேன்.

"எடு. ஒரே ஒரு கால் எடுத்துப் பாரு. உனக்கே தெரியும்."

அவள் சட்டென்று கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள், பதற்றத்தில் கன்னடம் வந்தது. "பேட அக்கா, வேணாம். யாரோ நம்பிக் குடுத்த போர்டு. கெட்டுரும்."

"கெடாதுடி. உன் கை என்னைக்கும் கெடல. நான் வெச்ச பஞ்சுதான்டி. பரிசு குடுத்தாங்களே, அதே பஞ்சுதான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

கெம்பா நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, அழுகிற குழந்தையைச் சமாதானம் பண்ணுகிற மாதிரி என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"என் மனசு நோவக்கூடாதுன்னு பழியத் தூக்கி உம்மேல போட்டுக்கற. வுடுக்கா. நீ பாத்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு, எழுந்து டம்ளரைக் கழுவி வைக்கப் போனாள்.